மலையேறிய சிலிண்டர், ஏறாத மெக்கானிக்

காவலூரில் 1986 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம் கொண்டது. ஈரமும் தூசியும் பட்டுப்பட்டு அதன் அலுமினியப் பூச்சு மங்கும். அப்போது கண்ணாடியைக் கழற்றி, கழுவி, புதிதாகப் பூச்சு ஏற்றுவார்கள். அதற்கான கூடமும் அங்கேயே, ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. தொலைநோக்கியை நிறுவியவர்கள் அதைப் பராமரிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே மலையேற்றினார்கள்.

அதே மலையின் சமையலறைகளுக்கு வந்துசேர்ந்த கேஸ் அடுப்புக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

தமிழக அரசு 2007இல் இலவச கேஸ் அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் ஆரம்பமானது. இரண்டுமே நல்ல காரியங்கள். விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிய பெண்களைக் கேட்டால் தெரியும். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. ஆனால் அரசுக் கணக்கில் எப்போதும் பெரிய எழுத்தில் வருவது எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்பதுதான். கொடுத்த அடுப்பு இப்போது எப்படி எரிகிறது என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை. மாநிலத் திட்டத்தின் முதல் தவணையில் வந்த அடுப்புகளில் இன்னும் உழைப்பவற்றுக்கு ஏறக்குறைய இருபது வயது.

அடுப்பு என்ன பெரிய இயந்திரம், அதற்கு சர்வீஸ் வேறா என்று கேட்பவர்கள் உண்டு. சாமைக் கஞ்சி பொங்கி வழிந்த ஒரு பர்னரை உற்றுப் பார்த்தால் போதும். ஓரத்துத் துளைகளில் பாதி, காய்ந்த கஞ்சியில் அடைத்திருக்கும். காற்றும் வாயுவும் சரியான அளவில் கலந்தால்தான் தீ நீலமாக எரியும். கலப்பு கெட்டால் மஞ்சள் நாக்கு நீட்டும், பாத்திரத்தின் அடி கறுக்கும். நகரத்து வீட்டில் குக்கரின் அடி கறுத்தால் அன்றைக்கே மெக்கானிக்குக்கு போன் போகும். விறகடுப்பும் கேஸ் அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மலை வீட்டில் பாத்திரம் எப்போதுமே கரிதான். அது எச்சரிக்கை என்று யாருக்குத் தோன்றும்? மஞ்சள் தீ கரியை மட்டும் கக்குவதில்லை. கார்பன் மோனாக்சைடையும் கக்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

குளிர்ப் பிரதேசத்தில் இது பயங்காட்டும் கதை அல்ல. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன திருச்சி இளைஞர்கள் இருவர், கரி கனன்ற பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, காலையில் எழவே இல்லை. மார்கழிக் குளிரில் கதவை அடைத்துக்கொண்டு படுப்பது ஜவ்வாது மலையிலும் வழக்கம்தான்.

கசிவு இன்னொரு தொல்லை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவி, நிலைப்படிக்கு உள்ளேயே தேங்கும். ஒரே அறையில் சமைத்து அங்கேயே பாய் விரிக்கும் வீட்டில், படுத்திருப்பவர்களின் மட்டத்தில்தான் அது நிற்கும். எச்சரிக்கைக்காகக் கலக்கப்படும் மெர்காப்டன் நாற்றமும் விறகுப் புகைக்கு நடுவே மட்டுப்படலாம்.

கசிகிற இடமோ பெரும்பாலும் அற்பமான இடம். சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் சிறு ரப்பர் வாஷர் வெடித்திருக்கும். டியூபை எலி கடித்திருக்கும், அல்லது விறகடுப்பின் அனலில் அது விறைத்துப் போயிருக்கும். சோப்பு நுரையைத் தொட்டு ரெகுலேட்டர் மூட்டிலும் டியூபின் இரு முனைகளிலும் தடவினால், கசிகிற இடத்தில் குமிழி விடும். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைவிட மடத்தனம் கிடையாது. எஃகுக் கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கே ஆயுள் 5 ஆண்டுதான். சிலிண்டருக்கும் சோதனைத் தவணை உண்டு. கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். எழுத்து ஆண்டின் காலாண்டைக் குறிக்கும், இலக்கம் ஆண்டை. பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். தவணை கடந்த சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்ப வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

கனடாவில் டொரண்டோவைச் சுற்றி வாழும் தமிழர்களுக்கு இந்தப் பாடம் வேறு வடிவில் தெரியும். அங்கே வீட்டின் நிலவறையில் கேஸ் ஃபர்னஸ் இருக்கும். புதிய உயர்திறன் ரகம், எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வீட்டுக்கே கொடுத்துவிடும். புகையிலிருந்து நீர் சொட்டும் அளவுக்கு அதன் சூட்டை உறிஞ்சிவிடுவதால், புகை வெளியேற பிளாஸ்டிக் குழாயே போதும். அந்தக் குழாயின் வாயைப் பனி மூடினாலோ, சொட்டும் நீரின் வடிகால் அடைத்தாலோ வம்பு. ஃபில்டர் மாற்றுவதும் பனியை விலக்குவதும் வீட்டுக்காரர் வேலை. பர்னரையும் வாயுக் குழாயையும் தொடுவது உரிமம் பெற்ற தொழில்நுட்பரின் வேலை. இந்தக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது. ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில் 2008 டிசம்பரில் கேஸ் கணப்பின் புகைவழி அடைத்து, ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு எழுந்த கோரிக்கையால், 2013இல் அந்த மாகாணம் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இங்கேயும் விதி இல்லாமல் இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வீட்டு இணைப்பைக் கட்டாயமாகப் பரிசோதிக்க வேண்டும். பதிவு செய்த வீட்டில் எல்பிஜி விபத்து நேர்ந்து உயிர் போனால் ஒருவருக்கு ரூ.6 லட்சம் வரை காப்பீடு உண்டு. வாடிக்கையாளர் தனியாக ஒரு பைசா பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. காகிதத்தில் எல்லாம் கச்சிதம். கட்டணம் வாங்கிக்கொண்டு அடுப்பைத் திரும்பியும் பார்க்காமல் கையெழுத்து மட்டும் கேட்கும் பரிசோதனையை சமவெளியிலேயே எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். பேருந்து போகாத மலைக் குக்கிராமத்துக்கு எந்தப் பரிசோதகர் டியூபைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்?

நடக்கக்கூடியவர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். மகளிர் குழுக்களிலும் படித்த மலையாளிப் பழங்குடி இளைஞர்களிலும் ஊராட்சிக்கு இருவரைத் தேர்ந்தெடுத்து, எண்ணெய் நிறுவனங்கள் பயிற்சியும் சான்றிதழும் தரட்டும். பார்க்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலியும் தரட்டும். இணைப்புக்கே வழியில்லாத குடும்பத்திடம் பரிசோதனைக் கட்டணம் கேட்பதில் நியாயமில்லை. அதை அரசு ஏற்க வேண்டும். தமிழகக் கூட்டுறவுக் கடைகளில் 2022இல் 2 கிலோ, 5 கிலோ சிலிண்டர் விற்க ஏற்பாடு வந்தது. சிலிண்டர் விற்க முடிகிற துறைக்கு, மலையிலுள்ள பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தில் டியூபும் வாஷரும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருப்பு வைப்பது சுமையாகாது. ஜமுனாமரத்தூரில் நடக்கும் கோடை விழாவில் எத்தனையோ துறைகள் அரங்கு போடுகின்றன. அங்கே ஓர் அடுப்பு, ஒரு கிண்ணம் சோப்பு நுரை, விளக்கிச் சொல்ல ஓர் ஆள் போதும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மலையிலோ சமவெளியிலோ, இதைப் படிக்கும் வீட்டுக்காரர் இன்றைக்கே ரெகுலேட்டரை மூடிவிட்டு டியூபைத் திருப்பித் தேதியைப் பார்க்கட்டும். 5 ஆண்டு கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கசிவு வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். எல்பிஜி அவசர உதவி எண் 1906. சிக்னல் கிடைக்காத மலையூர்களில் அந்த எண்ணை எப்படி எட்டுவது என்பதற்கு எண்ணெய் நிறுவனங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.