நீட் மதிப்பெண் எதை அளக்கிறது? திறமையையா... கோச்சிங்கையா? எண்கள் சொல்வது இதுதான்!

2019-20ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த மாணவர்கள் 3,081 பேர். இதில் கோச்சிங் சென்டர் பக்கமே போகாமல் நீட் எழுதி வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 48 பேர்!

2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு இது. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

"நாடு முழுக்க ஒரே தேர்வு, ஒரே கேள்வித்தாள், இதைவிட நியாயம் என்ன இருக்க முடியும்?" என்பது ஒரு தரப்பின் வாதம். "கேள்வித்தாள் ஒன்றுதான். ஆனால் அந்த ஹாலுக்கு வந்து சேரும் பாதை எல்லோருக்கும் ஒன்றா?" என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இரண்டில் எது சரி? அரசியலை ஓரமாக வைத்துவிட்டு, தேர்வை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

நீட் எப்படி வந்தது?

தமிழ்நாட்டுக்கு நுழைவுத்தேர்வு புதிதல்ல. 1984-85 முதலே இங்கு தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. கிராமப்புற மாணவர்களுக்கு அது பாதகமாக இருக்கிறது என்ற காரணத்தால் 2006இல் சட்டம் இயற்றி அதை ரத்து செய்தது தமிழ்நாடு அரசு. அந்தச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அதன்பிறகு பிளஸ் டூ மார்க் மட்டுமே அடிப்படை.

நீட் முதன்முதலாக 2013 மே மாதம் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2016இல் அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே திரும்பப் பெற்றது. அந்த ஒரு வருடம் மட்டும் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு விலக்கு கிடைத்தது. 2017 முதல் தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்க நீட் கட்டாயம்.

ஒரே மாணவி... இரண்டு தராசு

அந்த 2017ஐ தமிழ்நாடு மறக்காது. அரியலூர் மாணவி அனிதா பிளஸ் டூவில் எடுத்தது 1,200க்கு 1,176. நீட்டில் எடுத்தது 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய் முறையிட்டும் பலன் இல்லை. செப்டம்பர் 1 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒரு தராசு அவரை மாநிலத்தின் முன்வரிசை மாணவி என்றது. அடுத்த தராசு தகுதியே இல்லை என்றது. சில மாதங்களுக்குள் ஒருவருடைய அறிவு இப்படித் தலைகீழாக மாறிவிடாது. அப்படியானால் இரண்டு தேர்வுகளும் அளந்தது ஒரே விஷயத்தை அல்ல என்பதுதான் பொருள்.

பிளஸ் டூ பாடப்புத்தகத்தைப் புரிந்து, விரிவாக எழுதிப் பழகியவர் அவர். நீட் கேட்பதோ வேறு: என்.சி.இ.ஆர்.டி. பாடம், நான்கு விடைகளில் ஒன்று, ஒரு கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். மாநிலப் பாடத்திட்டம் மாற்றப்பட்டது அதற்குப் பிறகுதான். பிளஸ் ஒன்னுக்கு 2018-19இல், பிளஸ் டூவுக்கு 2019-20இல் புதிய புத்தகங்கள் வந்தன.

அப்போ பிளஸ் டூ மார்க் மட்டும் நியாயமா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. பிளஸ் டூ மார்க்குக்காகவே நடந்த பள்ளிகள் தமிழ்நாட்டில் இருந்தன. நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளைத் தேடிப் பெற்றோர்கள் வரிசையில் நின்ற காலம் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருட்டித் திரட்டிப் படிக்கவைத்தார்கள் என்ற புகார் பரவலாக இருந்தது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இது முக்கியக் காரணம்.

அந்தக் காலத்திலும் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடவில்லை. ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். இன்னொரு பக்கம், தனியார் கல்லூரிகள் தனித்தனியாகத் தேர்வு நடத்தி, நன்கொடை வாங்கி இடங்களை விற்ற கதைகளும் உண்டு. நீட் ஆதரவாளர்களின் பலமான வாதமே இதுதான். தமிழ்நாட்டு மாணவர்களால் நீட்டில் ஜெயிக்க முடியாது என்பதும் சரியல்ல. 2023இல் 720க்கு 720 எடுத்து தேசிய அளவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் தமிழ்நாட்டு மாணவர்தான்.

ஆக, பழைய முறை தங்கம், புதிய முறை பித்தளை என்று சொல்லிவிட முடியாது. மாற்றம் வந்தபிறகு யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள்? அதைத்தான் பார்க்க வேண்டும்.

ராஜன் குழு சொன்ன கணக்கு

ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையிலான குழுவைத் தமிழ்நாடு அரசு 2021 ஜூனில் அமைத்தது. அடுத்த மாதமே அறிக்கை வந்தது. அதில் உள்ள சில எண்கள்:

* அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் தமிழ்வழி படித்தவர்கள் 2016-17இல் 14.88 சதவீதம். 2020-21இல் 1.99 சதவீதம்.

* ஒரு முறைக்கு மேல் தேர்வு எழுதி, அதாவது 'ரிப்பீட்டர்' ஆக வந்து சேர்ந்தவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம். 2020-21இல் 71.42 சதவீதம்.

இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் குறைந்தது ஒரு வருடம் கூடுதலாகத் தயாரானவர்கள். அந்த ஒரு வருடத்தில் பிள்ளையின் பிறவித் திறமை வளர்ந்துவிடவில்லை. வளர்ந்தது பயிற்சி.

"பயிற்சியும் உழைப்புதானே? உழைத்தவனுக்கு இடம் கிடைப்பதில் என்ன தப்பு?" என்று கேட்கலாம். தப்பே இல்லை. ஆனால் பிளஸ் டூ முடித்த பிள்ளையை வேலைக்கும் அனுப்பாமல், காலேஜுக்கும் அனுப்பாமல், ஃபீஸ் கட்டி ஒரு வருடம் படிக்கவைக்க எல்லா வீட்டாலும் முடியுமா? கட்டட வேலைக்குப் போகும் அப்பாவுக்கு அந்த ஒரு வருடம் என்பது ஒரு வருடச் சம்பளம். அதையும் சேர்த்துத்தான் இந்தத் தேர்வு அளக்கிறது. மார்க் ஷீட்டில் மட்டும் அது தெரியாது.

ஒரே ஒரு கேள்வி... 4 லட்சம் பேர்!

நீட்டில் 180 கேள்விகள், 720 மார்க். சரியான விடைக்கு 4 மார்க். தவறானால் ஒரு மார்க் குறையும். அதாவது ஒரு கேள்வி கைமாறினால் வித்தியாசம் 5 மார்க். 20 லட்சம் பேருக்கு மேல் எழுதும் தேர்வில், 5 மார்க் இடைவெளிக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்பார்கள்.

இதற்கு 2024 நீட்டில் நடந்ததே சாட்சி. அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளையும் சரி என்று ஏற்றுக்கொண்டது தேசியத் தேர்வு முகமை. காரணம்? பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் ஒரு மாதிரி இருந்தது. புதிய பதிப்பில் அந்த வரி திருத்தப்பட்டிருந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. ஐ.ஐ.டி. டெல்லி நிபுணர்களிடம் கேட்டார்கள். ஒரு விடைதான் சரி என்றார்கள். விளைவு, 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 5 மார்க்கை இழந்தார்கள். முதலில் 67 ஆக இருந்த முழு மதிப்பெண் பட்டியல், கருணை மதிப்பெண் ரத்தும் சேர்ந்து, கடைசியில் 17 ஆனது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புதிய பதிப்பு யார் கையில் இருக்கும்? கடையில் புதுப் புத்தகம் வாங்கியவர் கையில். பழைய பதிப்பு? அக்காவின் புத்தகத்தையோ பக்கத்து வீட்டு அண்ணனின் புத்தகத்தையோ வாங்கிப் படித்தவர் கையில். அந்த 5 மார்க் இயற்பியல் அறிவை அளந்ததா, எந்த வருடத்துப் புத்தகம் என்பதை அளந்ததா?

அதே தேர்வில் பாட்னா, ஹசாரிபாக் பகுதிகளில் வினாத்தாள் கசிந்ததும் உறுதியானது. ஆனால் ஒட்டுமொத்தத் தேர்வையும் பாதிக்கும் அளவுக்குக் கசிவு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, மறுதேர்வு நடத்த உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தமிழில் எழுதினால்?

2018 நீட்டில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்குப் போடப்பட்டது. கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. எழுதாத கேள்விக்கும் சேர்த்து எல்லோருக்கும் 196 மார்க் தருவது இன்னொரு அநியாயம்தான் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கேள்வியே குழப்பமாக இருந்தால், கேள்வியில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்ற விதி தமிழ்வழி மாணவருக்கு எந்த வகையில் உதவும்?

'தகுதி' என்றால் என்ன?

2024இல் நீட் எழுதிய 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் 'தகுதி' பெற்றவர்கள் 13 லட்சத்துக்கும் அதிகம். அப்போது நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டியவைதான். 2023இல் பொதுப்பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 720க்கு 137தான்.

இதன் பொருள் என்ன? அரசுக் கல்லூரி இடத்துக்கு மிக உயர்ந்த மார்க் வேண்டும். ஆனால் பல லட்சம் ரூபாய் கட்டணம் உள்ள நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. நடுவில் நிற்கும் ஏழை மாணவருக்கு, தன்னைவிடக் குறைந்த மார்க் எடுத்தவர் டாக்டர் ஆவதைப் பார்க்கும் நிலை. பணத்தின் ஆட்டத்தை நீட் நிறுத்தும் என்ற வாக்குறுதி, இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது.

முதுநிலை நீட்டில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. காலி இடங்களை நிரப்புவதற்காக 2023 செப்டம்பரில் தகுதியை எல்லாப் பிரிவினருக்கும் '0 பர்சன்டைல்' ஆக்கினார்கள். அதாவது மைனஸ் மார்க் எடுத்தவரும் கலந்தாய்வுக்குப் போகலாம்! தரத்தைக் காக்கும் தேர்வு என்றால், காலி இடம் வந்ததும் தரம் எங்கே போனது?

அமெரிக்காவில் என்ன நடந்தது?

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு 'சாட்' தேர்வு உண்டு. கொரோனா காலத்தில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் அதைக் கட்டாயமில்லை என்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் அதை அடியோடு கைவிட்டது. அந்நாட்டின் பெரும் பணக்கார ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தத் தேர்வுகளில் 1,300க்கு மேல் எடுக்கும் வாய்ப்பு, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட 13 மடங்கு அதிகம் என்றது 2023இல் வெளியான ஆய்வு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எம்.ஐ.டி. 2022இல் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. 2024இல் டார்ட்மவுத், யேல், ஹார்வர்டு எல்லாம் திரும்பி வந்தன. தேர்வு இல்லாதபோது பரிந்துரைக் கடிதம், விலையுயர்ந்த பள்ளியின் பெயர் போன்றவை பேச ஆரம்பித்துவிடுகின்றன என்பது ஒரு காரணம். டார்ட்மவுத் சொன்ன காரணம் இன்னும் முக்கியமானது: ஏழைப் பள்ளியிலிருந்து வரும் மாணவரின் மார்க்கை, அந்தப் பள்ளியின் சூழலோடு வைத்துப் பார்த்தால், தேர்வே அவருக்குக் கை கொடுக்கும்.

அதாவது பிரச்னை தேர்வில் மட்டும் இல்லை. வந்த மார்க்கை எப்படிப் படிக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

7.5 சதவீதம் சொல்லும் பாடம்

இதே யோசனையை வேறு வடிவத்தில் தமிழ்நாடு ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. இவர்களும் நீட் எழுத வேண்டும், தகுதி மதிப்பெண் பெற வேண்டும். ஆனால் போட்டி, தங்களைப் போன்ற பள்ளிகளில் படித்தவர்களோடு மட்டும்.

முன்பு ஒற்றை இலக்கத்தில் இருந்த எண்ணிக்கை, முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து ஏறத்தாழ 400 ஆனது. கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. கேள்வித்தாள் மாறவில்லை. மாணவர்கள் மாறவில்லை. யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பது மட்டும் மாறியது.

அதே நேரம், அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை என்ற குறையும் உண்டு.

அடுத்து என்ன?

நீட் விலக்கு மசோதாவைச் சட்டப்பேரவை 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் பேரவையில் அறிவித்தார்.

நீட் எதையுமே அளக்கவில்லை என்று சொல்ல முடியாது. பாட அறிவு, வேகம், விடாமுயற்சி எல்லாம் அதில் தெரியும். ஆனால் கூடவே கோச்சிங், கூடுதல் வருடம், மொழி, வீட்டுப் பணம் எல்லாமும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்து வருகிறது. 600 எடுத்தவருக்கும் 200 எடுத்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டலாம். 600க்கும் 595க்கும் நடுவே கோடு கிழித்து, 'இவர் திறமைசாலி, அவர் இல்லை' என்று தீர்ப்புச் சொல்லும் துல்லியம் அதற்கு இல்லை.

தேர்வு இருக்குமா, போகுமா என்பதை நீதிமன்றமும் அரசியலும் முடிவு செய்யும். அதுவரை நீட் மார்க் என்பது ஒருவர் எவ்வளவு தூரம் ஓடினார் என்பதை மட்டுமே சொல்கிறது. எங்கிருந்து ஓட ஆரம்பித்தார் என்பதைச் சொல்வதில்லை. அந்த இரண்டாவது கணக்கையும் சேர்த்துப் பார்க்கும்வரை, 'தகுதி' என்ற சொல் பாதி உண்மைதான்.

(தேர்வு பயம், மன உளைச்சல் இருந்தால் தனியாகத் தவிக்க வேண்டாம். 104 மற்றும் 14416 ஆகிய உதவி எண்களில் எந்த நேரமும் ஆலோசனை பெறலாம்.)