ஆலை வாசலிலிருந்து ஆழ்கடல் வேலைக்கு

படச்சுருள் போட்டு வைக்கும் சின்ன டப்பா. கழிவறைப் பீடத்தின் அடியில் நீர் கசியாமலிருக்க வைக்கும் மெழுகு. பொம்மைக் காரில் இருப்பதுபோல ஒரு மோட்டார். மோட்டாரை டப்பாவுக்குள் இறக்கி, மெழுகை நிரப்பி மூடினால் தண்ணீர் உள்ளே போகாது. அப்படி மூன்று செய்து, விசிறிகளை மாட்டி, பிவிசி குழாய்ச் சட்டத்தில் கட்டிவிட்டால் நீருக்கடியில் ஓடும் ரோபோ தயார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் இயங்கும் கடல்சார் திட்டம், 2003-இல் 'சீபெர்ச்' என்ற பெயரில் இதைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது.

படச்சுருள் டப்பாவை விட்டால் மற்ற சாமானெல்லாம் மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியின் தொழிற்பேட்டைப் பகுதியான பாக்கார் ஆராங் வட்டார ஹார்ட்வேர் கடைகளிலேயே கிடைக்கும். சாலிடர் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கும் அங்கே பஞ்சமில்லை.

சுங்கைப்பட்டாணியைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் ஆலை வேலைக்கு வந்தார்கள். மின்னணுப் பலகையைச் சோதிப்பது, நின்றுபோன இயந்திரத்தின் கோளாற்றைக் கண்டுபிடிப்பது, ஹைட்ராலிக் குழாயைப் பழுது பார்ப்பது, வெல்டிங் என்று ஒரு தலைமுறை கைத்திறனைச் சேர்த்து வைத்திருக்கிறது. காரில் மேற்கே அரை மணி நேரம் போனால் தஞ்சோங் டாவாய். அதற்கு முன்பே மெர்போக் ஆறும் அலையாத்திக் காடும் வந்துவிடும். இவ்வளவு அருகில் கடல் இருந்தும், அந்தக் கைத்திறனுக்குக் கடலில் வேலை உண்டு என்ற செய்தி மட்டும் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை. கடல் வேலை என்றால் மீன்பிடி, கடற்படை, கப்பல் சிப்பந்தி என்ற மூன்றோடு பேச்சு நின்றுவிடுகிறது.

உண்மையில் வேலை எங்கே இருக்கிறது? பினாங்குக் கரையில் சில கடலடி இணையக் கேபிள்கள் ஏறுகின்றன. அவை அறுந்தால் கப்பலில் போய், நுனிகளைத் தூக்கி, முடியளவுள்ள கண்ணாடி இழைகளை ஒட்டவைக்க வேண்டும். இதற்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு, உள்நாட்டுக் கடல் வேலையை உள்நாட்டுக் கப்பல்களுக்கே ஒதுக்கும் விதியிலிருந்து மலேசியா 2019-இல் விலக்கு கொடுத்தது. 2020 நவம்பரில் அதை எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் மறுபடி கொடுத்தது. பெரிய இணைய நிறுவனங்கள் தலையிட்டதால் விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. கப்பல் யாருடையது என்று நடந்த அந்த வாதத்தில், கப்பலில் நின்று இழையை ஒட்டத் தெரிந்தவர் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. அந்தக் கேள்விதான் பாக்கார் ஆராங்குக்கு முக்கியம். நுண்ணிய இணைப்புகளைப் பிழையில்லாமல் போட்டுச் சோதித்துப் பழகியவருக்கு இந்த வேலை ஒரு பயிற்சித் தொலைவில்தான் இருக்கிறது.

கேபிளோடு முடியவில்லை. தெரெங்கானு, சபா, சரவாக் கடல்களில் எண்ணெய்க் குழாய்களைப் பார்வையிட ஆழத்தில் ஓட்டுவது கம்பி கட்டிய ரோபோவைத்தான். பினாங்கின் இரண்டு பாலங்களுக்கும் கால்கள் தண்ணீருக்குள் இருக்கின்றன. அவற்றையும் யாரோ போய்ப் பார்க்க வேண்டும். மெர்போக் ஆற்றின் மீன் கூண்டுகளில் ஆக்சிஜன் குறைவதை முன்கூட்டியே அறியக் கருவி வேண்டும், அந்தக் கருவியில் பாசி படிந்தால் துடைத்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவை அடித்ததை இந்த வட்டாரம் மறக்காது. மலேசியாவில் 68 உயிர்கள் போயின. அதன்பின் வந்த எச்சரிக்கை ஏற்பாட்டின் உணர்கருவிகளும் அபாயச் சங்குகளும் ஆண்டு முழுவதும் பராமரிப்பைக் கேட்பவை.

2014-இல் காணாமல்போன எம்.எச். 370 விமானத்தையும் சொல்ல வேண்டும். 2018-இல் இந்தியப் பெருங்கடலில் 1,12,000 சதுர கிலோமீட்டர் கடற்படுகையைத் தேடியவை ஆளில்லா நீரடி ஊர்திகள். கடல்நீரில் வானொலி அலை வெகுதூரம் போகாது, ஜி.பி.எஸ். வேலை செய்யாது, ஒலியைக் கொண்டுதான் வழி காண வேண்டும். நம் நாட்டு விமானத்தைத் தேட நாம் முழுக்க முழுக்க வெளியாரின் கருவிகளை நம்பியிருந்தோம். பதினோராண்டுகளுக்கு மேல் ஆகியும் அது வலிக்கிறது.

இந்த வேலைகளுக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்பதில் கலிபோர்னியாவின் மாண்டரே தீபகற்பக் கல்லூரி செய்ததைப் பார்க்கலாம். பெயர்பெற்ற பெரிய பல்கலைக்கழகம் அல்ல அது; இரண்டாண்டுப் படிப்பு தரும் சமூகக் கல்லூரி. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு 1997-இல் அங்கே 'மேட்' என்ற கடல் தொழில்நுட்பக் கல்வி மையம் தொடங்கியது. மையத்தினர் முதலில் போனது முதலாளிகளிடம். ரோபோ இயக்குநர் என்றால் அன்றாடம் என்ன செய்ய வேண்டும், எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொரு வேலைக்கும் அறிவையும் திறனையும் வரையறுத்தார்கள். நீரடி ரோபோப் போட்டி 2002-இல்தான் வந்தது. அதில் மாணவர் குழு ஒரு கம்பெனிபோல நடக்க வேண்டும்: தலைமை நிர்வாகி, கணக்கு, பாதுகாப்புச் சோதனை, அறிக்கை எல்லாம் உண்டு. நடுவர்களாக வருபவர்கள் அந்தத் துறையின் பொறியாளர்கள். பிள்ளை தன் ரோபோவை விளக்கும் அந்த நிமிடமே அவனுக்கு முதல் நேர்முகத் தேர்வாகிவிடுகிறது.

நம் ஊர் ஊக்க முகாம்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மண்டபத்தில் பேச்சு, கைதட்டல், நற்சான்றிதழ், சாப்பாடு, மறுநாள் பழைய வழக்கம். எந்த வேலை, யார் தருகிறார், எந்தச் சான்றிதழ் கேட்கிறார் என்று முடியாத விழிப்புணர்வு, பிள்ளையை வாசலோடு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது.

படிக்க இடமில்லாமலும் இல்லை. லூமுட்டில் யுனிகேஎல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் பொறியியல் தொழில்நுட்பக் கழகம், மலாக்காவில் 'அலாம்' கடல்சார் கல்விக்கழகம், தெலுக் பாஹாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம். வீட்டுக்குப் பக்கத்தில் சுங்கைப்பட்டாணி தொழிற்கல்லூரிகளும் கூலிமின் 'அட்டெக்' தொழில்நுட்பப் பயிற்சி மையமும் மின்னியலிலும் இயந்திரத் துறையிலும் அடித்தளம் போடக்கூடியவை. கப்பல் துறையிலும் ஆள் போதவில்லை: 2026-க்குள் உலகக் கப்பல்களுக்கு மேலும் 89,510 அதிகாரிகள் தேவைப்படுவர் என்று 'பிம்கோ' கப்பல் துறைச் சங்கமும் அனைத்துலகக் கப்பல் சபையும் 2021-இல் கணித்தன.

பெற்றோரின் தயக்கத்தை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே சரிந்தபோது கடல் எண்ணெய் வேலைகள் உதிர்ந்தன. லூமுட்டில் ஆறு போர்க்கப்பல் கட்டும் 900 கோடி ரிங்கிட் திட்டத்தில் 600 கோடி செலுத்தியும் ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 2022-இல் சொன்னது. ஒரே திட்டத்தை, ஒரே எண்ணெய் விலையை நம்பிப் பிள்ளையை அனுப்பச் சொல்வது நியாயமில்லை. கேபிள், மீன் கூண்டு, பாலச் சோதனை, ஆலை எல்லாவற்றுக்கும் பொருந்தும் திறனைக் கொடுக்கும் படிப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடிப்படைத் திறன் எவ்வளவு ஆழம் வரை போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1993-இல் தொடங்கப்பட்டு, இன்று சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் இந்தியாவின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் 'மத்ஸ்யா 6000' கலத்தை உருவாக்கி வருகிறது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 600 கிலோ எடை அழுத்தும். மனிதர் உட்காரும் டைட்டேனியம் கோளத்தின் சுவர் 80 மில்லிமீட்டர் தடிப்பு. ஆனாலும் கேள்வி அந்த மெழுகு டப்பாவினுடையதுதான்: தண்ணீர் எங்கே புகும், எப்படி அடைப்பது? பன்னிரண்டு வயதில் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவருக்கு இருபத்திரண்டில் கடல் அந்நியமாக இருக்காது.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குச் செய்து பார்க்கும் அறிவியல் புதிதல்ல. அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளிகளுக்கென்றே நடத்தும் அறிவியல் விழாக்களில் அவர்கள் தாங்களே சோதனை செய்து விளக்கி வருகிறார்கள். அந்த ஆர்வம் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அறுந்துவிடாமல் தொடர ஒரு தொட்டித் தண்ணீரும் சில மோட்டார்களும் போதும்.

செமிலிங்கில், மெர்போக் ஆற்றுக்கு அருகிலேயே, சமூகத்தின் உழைப்பால் எழுந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது; அங்கே பொறியியல் துறையும் இருக்கிறது. கெடா மாணவர்களுக்கான நீரடி ரோபோப் போட்டியை அது முன்னின்று நடத்தட்டும். பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பிள்ளைகளை அனுப்பட்டும். பாக்கார் ஆராங் ஆலைகளில் வேலை செய்யும் தொழில்நுட்பர்களே, உங்கள் சனிக்கிழமைகளில் மாதம் ஒன்றை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சாலிடர் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க உங்களைவிடப் பொருத்தமானவர் அவர்களுக்குக் கிடைக்கமாட்டார்.