பல்லோடா, பல் இல்லாமலா?



வேஷம் கேட்டு வந்தவர் வசனத்தாளை வாங்கிக்கொண்டு, "வைத்துக்கொண்டா, வைக்காமலா?" என்று கேட்டாராம். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்குப் புரியவில்லை. "எதை?" என்றார். "பல்லை!" என்று பதில் வந்தது. ஹாக்ஸ் சிரித்துவிட்டார், வேஷம் கிடைத்துவிட்டது. பிற்காலத்தில் ஹாக்ஸ் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை இது. கண், காது, மூக்கு வைத்திருக்கலாம். ஆனால் பல் விஷயம் நிஜம். ஒரு விபத்தில் பற்களை இழந்து பல்செட் போட்டவர்தான் வால்டர் பிரென்னன். அந்தப் படம் 1935இல் வந்த 'பார்பரி கோஸ்ட்'.

அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டித்தான். பல்செட்டைக் கழற்றினால் எழுபது. முதல் உலகப் போரில் பிரான்சில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஊர் திரும்பி, நிலம் வாங்கி விற்று, சேர்த்த பணத்தைத் தொலைத்து, வயிற்றுப்பாட்டுக்காக ஹாலிவுட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் எக்ஸ்ட்ரா நடிகரானார். பெயர் போடாத வேஷங்களிலேயே பத்தாண்டு ஓடிற்று.

பிறகு பிடித்தது யோகம். துணை நடிகருக்கான ஆஸ்காரை முதன்முதலில் கொடுத்தது 1936ஆம் ஆண்டுப் படங்களுக்கு. அதை வாங்கியவர் இவர். 1938, 1940 என்று மேலும் இரண்டு. அந்தப் பிரிவில் மூன்று முறை வென்ற நடிகர் வேறு எவரும் இல்லை. அன்று எக்ஸ்ட்ராக்களுக்கும் ஓட்டு இருந்தது, அவர்கள்தான் ஜெயிக்கவைத்தார்கள் என்று ஒரு முணுமுணுப்பு உண்டு. இருக்கட்டுமே! பக்கத்தில் நின்று பார்த்தவர்களைவிட நடிப்பை யார் எடை போடுவது? ஒரு வருத்தம் மட்டும் எனக்கு உண்டு. நாயகனுக்குத் தங்கச் சிலை கொடுத்த அகாதெமி, துணை நடிகருக்கு அன்று வெறும் பட்டயப் பலகைதான் கொடுத்தது. பிரென்னன் வாங்கிய மூன்றும் பலகைகளே.

சென்ற வாரம் 'மை டார்லிங் கிளமென்டைன்' (1946) மறுபடி பார்த்தேன். வயதுவந்த மகன்கள் மார்ஷலிடம் அவமானப்பட்டு நிற்கிறார்கள். மார்ஷல் வெளியேறும்வரை பணிவாகப் பேசிய கிழத் தந்தை பிரென்னன், அவர் போனதும் சாட்டையை எடுத்து மகன்களை விளாசுகிறார். அதன்பின் வரும் குரலில் கோபமே இல்லை; அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 'டூ ஹாவ் அண்ட் ஹாவ் நாட்' படத்தில், செத்த தேனீ கொட்டியிருக்கிறதா என்று எதிர்ப்படுவோரிடம் கேட்டுத் திரியும் அப்பாவிக் குடிகாரரும் இதே மனிதர்தான் என்றால் நம்ப முடிகிறதா?

அவருடைய அரசியல் எனக்கு ஒவ்வாது. 1960களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். அதையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கம் அரைகுறை.

'ரியோ பிராவோ' (1959) கிடைத்தால் பாருங்கள். ஜான் வெய்னைப் பார்த்தது போதும். சிறைக்குள் துப்பாக்கியோடு காவல் இருந்து ஓயாமல் புலம்பும் அந்த நொண்டிக் கிழவர் மேல் ஒரு கண் வையுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்