சத்தமில்லாமல் இடம் மாறும் பாரம்



“எவ்வளவு பாடு வந்தாலும் அந்த அம்மாள் வாய் திறந்ததில்லை” என்று ஒரு சகோதரியைப் புகழ்வது நம் சபைகளில் வழக்கம். சாட்சி வேளையிலும் சொல்லுகிறோம், அடக்க ஆராதனையிலும் சொல்லுகிறோம். இந்தப் புகழ்ச்சியை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் துணிபு. காரணத்தைச் சொல்ல, உங்களைச் சுமத்ராவுக்கு அருகிலுள்ள ஒரு தீவுவரை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26-ஐ நாம் மறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்ராவின் மேற்குக் கடலடியில் பூமி அதிர்ந்தது. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் கடல் ஏறி வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். அந்த அதிர்ச்சி தொடங்கிய இடத்தை ஒட்டி சிமெலுவே என்ற தீவு இருக்கிறது.

நாம் அறிந்த நிலநடுக்கம் சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மெதுவான நிலநடுக்கம் என்று வேறொன்று உண்டு. அதே நிலப்பிளவில், அதே பாறைகள்தாம் வழுக்குகின்றன. ஆனால் அந்த நகர்வு நாட்களாகவும் வாரங்களாகவும், சில வேளை ஆண்டுகளாகவும் நீளும். ஒரு பாத்திரமும் உருளாது. உறங்குகிற குழந்தை விழிக்காது. கனடாவின் மேற்குக் கரையில் செயற்கைக்கோள் வழியாக நிலத்தின் அசைவை அளக்கும் கருவிகளை வைத்த பிறகே ஹெர்ப் டிராகெர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டு 2001-இல் அறிவித்தார்கள். அங்கே ஏறக்குறைய 14 மாதங்களுக்கு ஒருமுறை நிலம் சில மில்லிமீட்டர் பின்வாங்குகிறது. அடுத்த ஆண்டே ஜப்பானின் கசுஷிகே ஒபாரா, பூமியின் ஆழத்திலிருந்து இடைவிடாமல் எழும் மெல்லதிர்வைப் பதிவுகளில் கண்டார். பிற்பாடு இவ்விரண்டும் பல இடங்களில் சேர்ந்தே வருவது தெரிந்தது.

சிமெலுவேயில் அந்தக் காலத்தில் கருவி ஏது? பவளப்பாறை இருந்தது. பவளம் கடல்நீர் தாழும் மட்டம் வரைதான் மேலே வளரும். நிலம் அமிழ்ந்தால் அதுவும் உயர்ந்து வளர இடம் கிடைக்கிறது. மரத்தைப்போல ஆண்டு வளையமும் இடுகிறது. சிங்கப்பூரிலிருந்து சென்ற ஆய்வாளர்கள் அந்த வளையங்களை வாசித்து 2021-இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் தாழ்ந்துகொண்டிருந்த கரை, 1829 முதல் சுமார் 10 மில்லிமீட்டர் வீதம் தாழத் தொடங்கியது. அடியிலே பிளவின் ஒரு பகுதி மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது என்பது அவர்கள் முடிவு. அப்படியே 32 ஆண்டுகள். 1861 பிப்ரவரியில் பெரும் பூமியதிர்ச்சி வந்தது.

இதிலே நம் கவனத்துக்குரியது ஒன்று. மெல்ல வழுக்கும் பகுதிக்கு இறுக்கம் தளருகிறது. ஆனால் அந்த இறுக்கம் மறைந்துபோவதில்லை. வழுக்காமல் பூட்டிக் கிடக்கும் பக்கத்துப் பாறையின்மேல் ஏறுகிறது. எல்லா மெதுவான நகர்வும் பேரதிர்ச்சியில் முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எது முடியும், எப்போது முடியும் என்று கணிக்க விஞ்ஞானிகளால் இன்னும் இயலவில்லை. (தேதி குறித்துத் தீர்க்கதரிசனம் உரைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற சகோதரர்களாலும் இயலவில்லை.)

சோழபுரத்துக்கு மேற்கே நிற்கும் மலையை நினைத்து ஒருவரும் பயப்பட வேண்டாம். செங்கோட்டைப் பக்கம் அச்சன்கோவில் வழியாக ஒரு பழைய பிளவுப் பட்டை போவது மெய்தான்; அது 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய தழும்பு. சுமத்ராவைப்போல ஒரு நிலத்தட்டு மற்றொன்றின்கீழ் செருகும் இடம் அதுவல்ல.

நான் பயப்படுவது நம் வீடுகளைக் குறித்தே. “எங்கள் வீட்டில் சண்டை சச்சரவே இல்லை ஐயா” என்று சொல்லுகிற குடும்பங்கள் உண்டு. வீட்டுத் தலைவனுக்கு இறுக்கம் இல்லை. அது மனைவியின்மேல் ஏறியிருக்கிறது. பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து, உறங்காமல் உலை வைக்கிறவள் அவள். வாரக் கடன் அவள் பெயரில் இருக்கிறது. அல்லது பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ஆலைக்குப் போன மூத்த மகளின்மேல் ஏறியிருக்கிறது. அசனப் பண்டிகைக்கு நாம் வாங்கும் வரியைக்கூடச் சில வீடுகளில் அவளே கடன் வாங்கிக் கட்டுகிறாள். வெளியே ஓர் ஓசையும் இல்லாததால் நாம் அதற்குச் சமாதானம் என்று பெயரிட்டு, அவளுக்குப் பொறுமை என்ற பட்டமும் சூட்டிவிடுகிறோம்.

ஓரேபிலே எலியாவைப் பார்க்கிறோம். பூமியதிர்ச்சிக்குப் பின்வந்த அந்த மெல்லிய சத்தத்தைப் பற்றி நாம் நிறையப் பிரசங்கித்திருக்கிறோம். அந்தச் சத்தம் என்ன செய்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அது எலியாவிடம் கேள்வி கேட்டது. அவன் தான் ஒருவனாய் மீந்திருப்பதைச் சொல்லி முறையிட்டான். தேவன் அதை அவிசுவாசம் என்று தள்ளிவிடவில்லை. அவன் மலைக்கு வருமுன்னே, சூரைச்செடியின்கீழ் படுத்திருந்தபோது, அப்பமும் தண்ணீரும் உறக்கமும் தந்திருந்தார். இப்போது ஏரோட்டிக்கொண்டிருந்த எலிசாவை அவனுக்குத் துணையாகக் காட்டினார். இன்னும் கொஞ்சம் தாங்கிக்கொள் என்ற வார்த்தையை அந்த அதிகாரத்தில் நான் காணவில்லை.

ஆகையால் வரும் வாரம் வீட்டு ஜெபத்திற்குப் போகிற மூப்பர்களிடமும் பெண்கள் ஐக்கியச் சகோதரிகளிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால், “கர்த்தர் கிருபையால் நலம்” என்ற பதில்தான் வரும். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். இந்த வீட்டில் கடைசியாகப் படுப்பது யார், முதலில் எழுவது யார், கடன் அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று விசாரியுங்கள். சகோதரிகள் அந்த அம்மாளோடு அடுப்படியில் தனியே சற்று நேரம் உட்காருங்கள். ஜெபத்தை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.