ஆண்டவரின் சித்தமும் ஆளுநரின் பெயரும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் கிறிஸ்தவ இல்லங்களிலும் ஆலயங்களிலும் பெருவழக்காயுள்ள தொடர் ஒன்று உண்டு. "எல்லாம் ஆண்டவரின் சித்தம்" என்பதே அது. மழை பொய்த்து வயல் கருகினாலும் அது கூறப்படும். மரண வீட்டிலும் கூறப்படும். மகன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தாலும் கூறப்படும். கத்தோலிக்கர் இதனை இறைவனின் திருவுளம் என்பர். தென்னிந்தியத் திருச்சபையாரும் மெதடிஸ்தரும் தேவ சித்தம் என்பர். சொல் வேறுபடினும் பயன் ஒன்றே. அத்தொடர் உச்சரிக்கப்பட்டதும் பேச்சு முடிந்துவிடுகின்றது. பேச்சு முடியுமிடத்தில் விசாரணையும் முடிந்துவிடுகின்றது என்பதே அதன்மீது சுமத்தப்பட வேண்டிய குற்றச்சாட்டாகும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை முதலிலேயே வகுத்துக்கொள்ளுதல் அவசியம். முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தி இத்தொடரைக் கூறுவாளாயின் அது புலம்பல். அதனைத் திருத்துவதற்கு எவருக்கும் உரிமையில்லை. அதே தொடரை மே 18ஆம் திகதி நினைவு ஆராதனையில் பீடத்தினின்று ஒருவர் கூறுவாராயின் அது தீர்ப்பு. புலம்பலுக்குச் சான்று வேண்டியதில்லை, தீர்ப்புக்கு வேண்டும். தீர்ப்பளிப்போர் அச்சான்றினைக் காட்டியதில்லை.

போருக்குப் பின்னர் வன்னியில் பெருகிய சில பிரசங்க மேடைகள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. சனங்களின் பாவத்தாலும் விசுவாசக் குறைவாலுமே அழிவு நேர்ந்தது என்று அவை போதித்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தைத் துடைத்தெடுத்தபோதும் இவ்வாறான போதனைகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. இப்போதகர்கள் தாம் கையிலேந்தும் நூலையேனும் ஒழுங்காகப் படித்தார்களா என்பது ஐயத்திற்குரியது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியும், பிலாத்துவினாற் கொல்லப்பட்ட கலிலேயரின் செய்தியும் லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருகின்றன. மாண்டோர் ஏனையோரைவிடப் பெரிய பாவிகள் என்ற கருத்தை இயேசு அங்கே வெளிப்படையாக மறுக்கின்றார். யோபுவின் நண்பர்கள் மூவரும் இதே போதனையைத்தான் செய்தனர். நூலின் இறுதியில் கடவுளின் கோபத்துக்கு ஆளானவர் சாம்பலில் அமர்ந்து முறையிட்ட யோபு அல்லர். கடவுளுக்காக வழக்காடியதாக எண்ணிய அந்நண்பர்களே.

கடலலையையும் எறிகணையையும் ஒரே தட்டில் வைப்பது அதனினும் பெரிய தவறு. கடல் எவருடைய கட்டளைக்கும் பொங்கவில்லை. எறிகணையோ ஒருவர் கட்டளையிட, மற்றொருவர் இலக்குக் குறிக்க, வேறொருவர் ஏவ வந்து விழுவது. 2009 சனவரி முதல் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயங்களுக்குள்ளேயே மக்கள் மாண்டனர். இறுதிக்கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் உயிரிழந்திருக்கலாம் என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் தெரிவித்தது. மனிதர் திட்டமிட்டுச் செய்ததைக் கடவுளின் கணக்கில் எழுதுவது பக்தி போலத் தோன்றலாம். உண்மையில் அது கொலையாளிக்கு வழங்கப்படும் விடுதலைப் பத்திரமாகும்.

இவ்விடத்துத் திருச்சபையின் பழைமையான விசுவாசப் பிரமாணம் நோக்கற்பாலது. மிகச் சுருக்கமான அப்பிரமாணத்தில் அப்போஸ்தலர் எவருடைய பெயரும் இல்லை. பேதுரு இல்லை, பவுல் இல்லை. ஆனால் உரோமப் பேரரசின் மாகாண ஆளுநன் ஒருவனுடைய பெயர் இருக்கின்றது. கிறிஸ்து பாடுபட்டது பொந்தியு பிலாத்துவின் அதிகாரத்தின் கீழ் என்று ஞாயிறு தோறும் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அறிக்கையிடுகின்றனர். சிலுவை மரணம் மீட்பின் திட்டம் என்று நம்பிய அதே திருச்சபைதான் பொறுப்பாளியின் பெயரை மறக்க மறுத்தது. அவன் தண்ணீர் கொண்டுவரச் செய்து கைகழுவியதையும் எழுதி வைத்தது. பிலாத்துவின் பெயரை வாய்ப்பாடமாகச் சொல்லுகின்ற சபை, தன் சொந்தச் சனத்துக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேசும்போது மாத்திரம் எழுவாயற்ற வாக்கியங்களைத் தேடுவது விந்தையே.

கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே பிதாவின் சித்தத்துக்குப் பணியவில்லையா என்பது எதிர்த்தரப்பாரின் வலுவான வினா. பணிந்தார். ஆனால் மும்முறை மன்றாடி, வியர்வை இரத்தத் துளிகளாக விழுமட்டும் போராடிய பின்னரே பணிந்தார். மேலும், அவர் பணிந்தது தம்முடைய பாத்திரத்தைக் குறித்தேயன்றிப் பிறருடைய பாத்திரத்தைக் குறித்தன்று. தன் துயரத்தைத் தாங்குதல் ஒன்று. அயலானின் துயரத்தை அவன் சார்பில் ஏற்றுக்கொண்டுவிட்டு அமைதியாக உறங்கச் செல்லுதல் வேறொன்று.

அவ்வாறாயின் இறைவனின் சித்தத்தை எங்ஙனம் அறிவது? 1521இல் போர்க்களத்தில் கால் முறிந்து படுக்கையிற் கிடந்த லொயோலா இஞ்ஞாசியார், தம் உள்ளத்தின் அசைவுகளை நாள்தோறும் சோதிக்கும் முறையொன்றைப் பின்னாளில் வகுத்தார். அன்றைய பகலில் எங்கே அன்பு தவறியது, எங்கே அச்சம் அறிவை மறைத்தது என்று இரவில் தன்னைத்தானே வினவும் பயிற்சி அது. திருவுளம் அவருக்கு முடிந்துபோனவற்றின் மேல் ஒட்டப்படும் முத்திரையன்று. இனிச் செய்ய வேண்டியதைத் தெரிவு செய்வதற்கான தேடல். இத்தேடலின் பொருளை வன்னி தன் கண்ணாற் கண்டுள்ளது. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, குருக்களும் கன்னியரும் பலர் மக்களுடன் தங்கினர். எல்லாம் ஏலவே தீர்மானிக்கப்பட்டதெனின் போவதும் இருப்பதும் ஒன்றே; அவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசேப் அடிகளார் 2009 மே 18ஆம் திகதி சரணடைந்தோருடன் சென்றார். அதன்பின் அவரைக் கண்டவரில்லை.

ஆன்ம சோதனை என்பது பிறரைச் சோதிப்பதோடு நின்றுவிடுவதன்று. வலைஞர்மடம் ஆலயத்தில் 2009இல் இளைஞரும் யுவதிகளும் அடைக்கலம் புகுந்திருந்தனர். அவர்களை அங்கிருந்து பலவந்தமாகப் பிடித்துச் சென்றவர்கள் அரச படையினர் அல்லர், விடுதலைப் புலிகள். தடுக்க முயன்ற குருக்களின் குரல் எடுபடவில்லை. இந்நிகழ்வைப் பற்றி நினைவுக் கூட்டங்களில் பேசுவோர் அரிது. பிலாத்துவை மாத்திரம் நினைத்து, சனங்களின் சொந்தத் தலைவர்கள் செய்ததை மறைக்கும் நற்செய்தி நூல் எதுவும் இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த சாட்சியத்தில் ஒரு கழித்தற்கணக்கு இருந்தது. 2008 ஒக்டோபரில் வன்னியிலிருந்தோர் 429,059 பேர். பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் வினவினார். முதலாவது தொகை அரச அலுவலகங்களின் பதிவுகளிலிருந்தும், இரண்டாவது தொகை ஐக்கிய நாடுகளின் அறிக்கையிலிருந்தும் எடுக்கப்பட்டன. அக்கணக்கை மறுப்போர் இருக்கலாம். மறுப்போர் வேறு கணக்கைக் காட்டுதல் வேண்டும். ஆண்டவரின் சித்தம் என்று கூறி ஆண்டகையும் எளிதில் அமைந்திருக்கலாம். நூறு ஆடுகளுள் ஒன்று குறைந்ததை எண்ணிப் பார்த்தே அறிந்த மேய்ப்பனின் உவமையை அவர் ஒழுங்காகப் படித்திருந்தார் போலும். 2021 ஏப்பிரல் முதலாம் திகதி அவர் காலமானார். அந்நாள்வரை அவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

பெரிய நிகழ்வுகளில் இங்ஙனமெனின், அன்றாட வாழ்வில் நிலைமை நகைப்புக்கிடமானது. பரீட்சைப் பெறுபேற்றுக்காகவும், விசாவுக்காகவும், கலியாணம் பொருந்திவரவும் தேவ சித்தம் உபவாசத்துடன் தேடப்படுகின்றது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய குடும்பங்களுக்கு வயற்கூலி நியாயமாக வழங்கப்படுகின்றதா, அவர்களின் காணிக்கு உறுதி உண்டா என்ற வினாக்களுக்கு எவரும் உபவாசமிருப்பதில்லை. நுண்கடன் தவணைக்காகக் கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பாளருக்கு அஞ்சி ஒளிந்துகொள்ளும் விதவை, ஆலயத்தில் அடுத்த வாங்கிலேயே அமர்ந்திருக்கின்றாள். அவளுக்காகப் பொது மன்றாட்டில் ஒரு வரி ஒதுக்கப்படுவதுண்டு. வட்டி எவ்வளவு என்று கேட்கப்படுவதில்லை.

கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிக் கரைக்கப்பால் இரணைதீவு உள்ளது. 1992இல் இடம்பெயர்ந்த அதன் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் இரணைமாதாநகரில் வாழ்ந்தன. போர் முடிந்த பின்னரும், கடற்படை நிலைகொண்டிருந்த அத்தீவிற் குடியேற அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பொறுமையே ஆண்டவரின் சித்தம் என்று அவர்களுக்கும் கூறியிருக்கலாம். 2017 மே முதலாம் திகதி அவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஏறக்குறைய ஓராண்டு அது நீடித்தது. 2018 ஏப்பிரல் 23ஆம் திகதி, பெண்களும் குருக்களுமாக, படகுகளில் வெள்ளைக் கொடிகளை ஏற்றிக்கொண்டு தீவிற் சென்றிறங்கினர். சிதைந்திருந்த தம் ஆலயத்தில் மன்றாடினர். மாலையில் அவர்கள் திரும்பவில்லை, அங்கேயே தங்கினர். அடுத்த மாதம் அவர்கள் மீளக்குடியேறுவதற்கு அரச தரப்பு இணங்கியது.