சாவிக்கொத்தும் தலைமைத்துவமும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் செய்தி சேகரிப்பதற்காகப் பாடசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். உயர்தர வகுப்பு மாணவர்கள் ஆய்வுகூட வாசலில் காத்து நின்றனர். கதவு பூட்டியிருந்தது. அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். சாவி அவருடைய பையில் இருந்தது. இரசாயனவியல் ஆசிரியர் அன்றைய செய்முறைப் பாடத்தைக் கரும்பலகையிலேயே நடத்தி முடித்தார்.

அந்த அதிபர் கடமை தவறியவரல்லர். காலையில் முதல் ஆளாக வந்து மாலையில் கடைசி ஆளாகப் போகிறவர் என்று ஊரார் சொன்னார்கள். பொருள் ஒன்று களவு போனால் விளக்கம் சொல்லவேண்டியவர் தாமே என்ற அச்சத்தினாலேயே சாவியை எவரிடமும் கொடுக்காதிருந்தார். பொறுப்பு முழுவதையும் ஒருவரின் தலையில் சுமத்தினால், அதிகாரமும் அவர் கையைவிட்டு அகலாது. அன்று முதல், ஒரு பாடசாலையின் தலைமைத்துவத்தை அளக்க நான் முதலில் கேட்கும் கேள்வி: சாவிகள் எத்தனை பேரிடம் இருக்கின்றன?

இந்தக் குறை அரசுக்குத் தெரியாததன்று. 2006ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், தீர்மானம் எடுக்கும் உரிமையின் ஒரு பகுதியைப் பாடசாலைக்கே வழங்க முனைந்தது. பாடசாலை அபிவிருத்திக் குழுவில் அதிபர் தலைவராகவும், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோரின் பிரதிநிதிகள் உறுப்பினராகவும் அமைந்தனர். ஏட்டில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் கண்ட குழுக்களிற் பல, முன்னரே எடுத்த முடிவுக்குக் கை உயர்த்துவதற்கும் நிதி திரட்டுவதற்குமே கூடின. கூட்டம் நடத்துவது வேறு. கூட்டாகத் தீர்மானிப்பது வேறு.

கூட்டுத் தலைமைத்துவம் எமது மண்ணுக்கு ஒவ்வாதது என்போருக்கு நான் 1995ஐ நினைவூட்டுவேன். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தனர். பின்னர், அங்கிருந்த பாடசாலைகள் காலையில் நடக்க, இடம்பெயர்ந்த பாடசாலைகள் பிற்பகலில் அதே கட்டடங்களில் இயங்கின. சாவியும் இல்லை, அலுமாரியும் இல்லை. சிதறிப்போன மாணவரைத் தேடிப் பிடித்தவர் ஒருவர், நேரசூசி வகுத்தவர் இன்னொருவர், பாய் கொண்டுவந்து விரித்தவர் ஒரு பெற்றோர். எவரும் நியமனக் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, கதவுகளும் பூட்டுகளும் மீண்டும் வந்தபோது பழைய வழக்கமும் கூடவே வந்துவிட்டது.

"எல்லோருக்கும் அதிகாரம் கொடுத்தால் தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் ஆகிவிடுவான்" என்று அதிபர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். குழுவின் பெயரால் அரசியல்வாதியின் கையாளும் ஊர்ப் பெரிய மனிதரும் பாடசாலைக்குள் புகுந்த கதைகளும் எனக்குத் தெரியும். ஆதலால் அதிகாரத்தைப் பகிரும்போது பொறுப்பையும் எழுத்தில் பகிரவேண்டும். ஆய்வுகூடம் இரசாயனவியல் ஆசிரியருடையது என்றால், கணக்கும் அவருடையதே. கணித பாடத்தில் பெறுபேறு சரிந்தால் அதன் காரணத்தை ஆராய்வதும் மாற்றுவழி சொல்வதும் கணித ஆசிரியர்களின் உரிமை. நிறைவேற்றிக் காட்டுவது அவர்களின் கடமை. கருத்து வேறுபாடு தீராதபோது இறுதி முடிவை அதிபர் எடுக்கலாம். ஆனால் காரணத்தைச் சபையில் சொல்லவேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈகையில் நீங்கள் குறை வைத்ததில்லை. ஆயினும் இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ அதிபருடன் மட்டும் தொலைபேசியில் பேசி ஒரு மண்டபத்தைத் தீர்மானித்துவிடுகிறீர்கள். அங்கு கற்பிக்கும் ஆசிரியர்கள் அடிக்கல் நாட்டும் நாளிலேயே அதனை அறிகின்றனர். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒருவேளை மண்டபமாக இல்லாமல் ஆரம்பப் பிரிவுக்கு ஒரு நூலகமாக இருந்திருக்கலாம். பணம் அனுப்புமுன் ஆசிரியர்களையும் கேளுங்கள்.

நல்ல அதிபருக்கும் ஒருநாள் இடமாற்றம் வரும். அவர் போன மறுநாள் ஆய்வுகூடம் வழமைபோலத் திறந்திருக்குமாயின், அவரே சிறந்த தலைவர் என்பேன்.