கைத்துப்பாக்கிச் சேகரிப்பும் வரலாற்று மறதியும்

பழம்பொருள்களைத் தேடிப் பேணுதல் மனித நாகரிகத்தின் நல்லியல்புகளுள் ஒன்று. ஏடுகளைக் காத்து வைத்தோர் இல்லாதிருப்பின் சங்க நூல்கள் நம் கைக்கு வந்திரா. ஆதலின், சேகரிப்பு என்பதனையே நாம் இழித்துரைக்கப் போவதில்லை. எனினும், ஒரு சேகரிப்பின் சமூகத் தன்மையை அறிய வேண்டுமாயின், அது எதனைச் சேர்க்கின்றது என்பதோடு எதனை விலக்கிவிட்டுச் சேர்க்கின்றது என்பதையும் கேட்டாக வேண்டும். ஐக்கிய அமெரிக்காவிலே பெருவணிகமாக வளர்ந்துள்ள ஒரு சேகரிப்பினை இவ் வினாவின் முன்னே நிறுத்துவோம். போர்க்காலத்திலே படையினருக்கு வழங்கப்பெற்ற அரிய கைத்துப்பாக்கிகளையும், விமானிகள் உயிர் தப்புவதற்கெனக் கொடுத்தனுப்பிய சாதனங்களையும் பெருவிலை கொடுத்து வாங்கி அடுக்கும் சேகரிப்பே அது.

இச் சந்தையிலே மிக உயர்ந்த இடத்தைப் பெறுவனவற்றுள் ஒன்று சிங்கர் கைத்துப்பாக்கி. நம் தாய்மார் மிதித்துத் தைத்த தையல் இயந்திரத்தைச் செய்த அதே சிங்கர் கம்பனிதான். போர் நெருங்குவதை உணர்ந்த அமெரிக்க இராணுவம், ஆயுதம் செய்து பழகாத ஆலைகளையும் அத் தொழிலிற் பயிற்றும் நோக்கத்துடன், 1940 ஆம் ஆண்டிலே 500 கைத்துப்பாக்கிகளைச் செய்து தருமாறு அக் கம்பனியைப் பணித்தது. 500 செய்யப்பட்டன, அத்தோடு அவ் வேலை நின்றது. கம்பனி வேறு போர்க்கருவிகளைச் செய்யத் திரும்பிற்று. தொகை சிறிதாயிருந்தமையால் விலை பெரிதாயிற்று. 2017 ஆம் ஆண்டில் இவற்றுள் ஒன்று 400,000 டொலருக்கு மேற்பட்ட விலைக்கு ஏலம் போயிற்று.

அத்துணை விலைக்குரியதாக அங்கே மதிக்கப்படுவது யாது? தொடரிலக்கம், கம்பனியின் முத்திரை, பரிசோதகர் பொறித்த எழுத்துக்கள், நீலப் பூச்சின் தேயாத பளபளப்பு. ஒருவராலும் சுடப்படாது உறையினுள்ளே உறங்கிய துப்பாக்கிக்கே மதிப்பு அதிகம். போரின் பெயரால் விலை ஏற வேண்டும். போரின் கீறல் மாத்திரம் அதன்மீது இருத்தலாகாது! சேகரிப்பாளர் விரும்புவது இரத்தம் கழுவப்பட்ட ஒரு போரினை.

ஆயின், இவ் வகைத் துப்பாக்கியின் பிறப்பிலேயே இரத்தம் கலந்திருக்கின்றது. 1911 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட மாதிரியின் வழிவந்தது இது. அதன் ரவையின் விட்டம் அங்குலத்தின் நூற்றிலே நாற்பத்தைந்து பங்காக அமைந்தது ஏன்? 1898 ஆம் ஆண்டிலே ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன் தீவுகளை 20 மில்லியன் டொலருக்குப் பெற்றுக்கொண்ட அமெரிக்கா, அம் மண்ணின் மக்களை அடக்குவதற்குப் பெரும் போர் நடத்திற்று. தெற்கே மோரோ மக்கள் கத்தியோடு எதிர்த்து வந்தபோது, சிறிய ரவைகள் அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை என்று படையினர் முறையிட்டனர். 1904 ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரின் கால்நடைக் கொல்களங்களிலே உயிருள்ள மாடுகளையும், மனிதப் பிணங்களையும் சுட்டுப் பரிசோதனை செய்தனர். அப் பரிசோதனையின் முடிவே இந்தப் பெரிய ரவை. தன் நாட்டைக் காக்க முன்வந்த ஓர் ஏழை உழவனை வீழ்த்த எவ்வளவு ஈயம் வேண்டும் என்ற கணக்கிலிருந்து பிறந்த பொருளை ‘அமெரிக்கக் கைத்திறனின் சிகரம்’ என்று போற்றுவோர், அக் கணக்கினைப் பற்றிப் பேசுவது அரிது.

மற்றொரு பொருளைப் பார்ப்போம். 1942 ஆம் ஆண்டின் கோடையிலே, இந்தியானா மாநிலத்து அன்டர்சன் நகரில், ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்துக்காக மோட்டார் வண்டிகளின் முன்விளக்குகளைச் செய்துவந்த தொழிற்சாலையிலே ஏறத்தாழ 10 இலட்சம் கைத்துப்பாக்கிகள் மூன்றே மாதங்களில் உருவாக்கப்பட்டன. ‘லிபரேற்றர்’, அஃதாவது விடுதலையளிப்பது, என்று பின்னர் அதற்குப் பெயர் வழங்கிற்று. தகட்டிலே அடித்துச் செய்த அக் கருவியின் அடக்கவிலை ஏறத்தாழ இரண்டு டொலர். ஒரு முறைக்கு ஒரே வெடி. மறுபடி சுடுவதற்கு ஒரு குச்சியால் வெற்றுக் கோதைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். பகைவரின் ஆட்சியிலே அகப்பட்ட மக்களிடம் சேர்ப்பிப்பதற்கென்றே அது செய்யப்பட்டது. எம் மொழியினரும், எழுத்தறியாதவரும் விளங்கிக்கொள்ளுமாறு, சொல்லே இல்லாத படத்தாள் ஒன்றும் பத்து ரவைகளும் பெட்டியிலே வைக்கப்பட்டன.

அவற்றுட் பெரும்பாலானவை அம் மக்களைச் சென்றடையவில்லை. மக்களின் கையிலே ஆயுதம் கொடுப்பதிற் படைத் தலைவர்கள் ஆர்வம் காட்டவில்லை. போர் முடிந்தபின் பெருந்தொகையானவை உருக்கப்பட்டன. எஞ்சியவை இன்று ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோகின்றன. மூலப் பெட்டியும் படத்தாளும் உடனிருந்தால் விலை மேலும் உயரும். எழுத்தறியாத உழவனுக்கென அச்சிட்ட தாள் செல்வரின் கண்ணாடிப் பேழைக்குள் அடங்கிற்று. மூன்று மாதம் ஓயாது உழைத்த அத் தொழிலாளருக்கோ ஏலப் பட்டியலிலே ஒரு வரியும் கிடையாது.

உயிர்காப்புச் சாதனங்களின் கதை இதனினும் கொடியது. சீனாவிலே யப்பானியருக்கு எதிராகப் போரிட்ட அமெரிக்க விமானிகள், தம் மேற்சட்டையிலே ஒரு பட்டுத்துணியைத் தைத்திருந்தனர். சீனக் கொடியும், இவரைக் காத்து உதவுங்கள் என்று பொதுமக்களை வேண்டும் சீன வாசகமும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. பர்மா முதலிய களங்களிலும் ஆசிய மொழிகள் பலவற்றிலே இத்தகைய வேண்டுகோள்கள் அச்சிடப்பட்டன. இத் துணிகளும், பட்டிலே அச்சிட்ட தப்பியோடும் வரைபடங்களும் இன்று சேகரிப்பாளரின் சட்டங்களுக்குள்ளே தொங்குகின்றன.

துணி இருக்கின்றது, அதனைப் படித்துக் கதவைத் திறந்தவர் எங்கே? 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் 18 ஆந் தேதி டூலிற்றில் என்பவரின் தலைமையிலே 16 அமெரிக்க விமானங்கள் தோக்கியோ முதலிய நகரங்களைத் தாக்கின. ஒன்று சோவியத் மண்ணில் இறங்கிற்று. ஏனைய 15 சீனக் கரையோரத்தை அடைந்து விழுந்தன. விமானிகளுட் பெரும்பாலோரைச் சீனக் கிராமத்தவர் ஒளித்து வைத்தும் உணவூட்டியும் தோளிற் சுமந்தும் காப்பாற்றினர். யப்பானியப் படை அடுத்த சில மாதங்களில் செக்கியாங், கியாங்சி மாகாணங்களிலே பழிதீர்த்தது. அங்கே மாண்ட சீனப் பொதுமக்கள் ஏறத்தாழ 250,000 பேர் எனக் கணிப்பர். விமானிகளின் பெயர்கள் நூல்களிலே நிலைத்தன. அவர்களுக்காக உயிரிழந்தோரின் பெயர்களைத் தேடுவார் இலர்.

“நாங்கள் இல்லாவிடின் இப்பொருள்கள் அழிந்துபோயிருக்கும், நாங்கள் வரலாற்றைப் பாதுகாக்கின்றோம்” என்று சேகரிப்பாளர் வாதிடுவர். இவ் வாதத்திலே உண்மை ஒரு பகுதி உண்டு. தனியார் காத்து வைத்த பொருள்கள் அருங்காட்சியகங்களை வளப்படுத்தியுள்ளன. சேகரிப்பாளருட் சிலர் அரிய ஆய்வுகளும் செய்துள்ளனர். ஆயினும் சந்தையின் நியதி அவர்தம் நல்லெண்ணத்தினும் வலியது. அரிதானது எதுவோ அதுவே உயர்ந்தது என்பது அந் நியதி. இலட்சக்கணக்கானோரின் உழைப்பும் சாவும் அரியன அல்ல. மிக மிகப் பொதுவானவை. ஆதலால் அவற்றுக்கு அங்கே விலையில்லை. 500 இரும்புத் துண்டுகள் அபூர்வம். 250,000 உயிர்கள் அடிக்குறிப்பு.

இன்னுமொன்று கூற வேண்டும். பழைய உயிர்காப்புச் சாதனங்களின் மீதுள்ள மோகம், உலகம் சீர்குலையும் நாளிலே தான் மாத்திரம் பிழைத்திருக்கலாம் என்ற கனவோடு இன்று கைகோத்து நிற்கின்றது. உணவுப் பேழைகள், கத்திகள், துப்பாக்கிகள், நிலவறைகள் யாவும் அக் கனவுக்கு விற்கப்படுகின்றன. அயலவனை நம்பாதே, ஆயுதத்தை நம்பு என்பதே அவ் வணிகத்தின் வேதம். ஆனால் அந்தப் பட்டுத்துணி கூறுவது இதற்கு நேர்மாறானது. துப்பாக்கியும் திசைகாட்டியும் கைவசம் இருந்தும், இறுதியில் முன்பின் அறியாத ஓர் ஏழையின் இரக்கத்தையே நம்ப வேண்டும் என்பதைப் படைத்தலைமையே எழுதிக் கொடுத்த சான்று அது. 2009 ஆம் ஆண்டுவரை நீண்ட போரினூடே வாழ்ந்த இந் நாட்டு மக்களுக்கும் இது விளங்கும். பதுங்குகுழிகளை அயலவர் கூடியே வெட்டினர்; இருந்த கஞ்சியைப் பகிர்ந்தே குடித்தனர்.

ஆசிரியர்களும் மாணவர்களும் அருங்காட்சியகத்திலோ நூலிலோ இத்தகைய பொருளைக் காணுந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனைச் செய்த கைகள் யாருடையவை? இஃது எவர்மீது ஏவப்பட்டது? இதனை வைத்திருந்தவன் எவருடைய தயவினால் உயிர் தப்பினான்? இவற்றுக்கு விடை கூறாத காட்சிப்பேழை, எத்துணை அரிய பொருளைத் தன்னகத்தே கொண்டிருப்பினும், கடைக்காரரின் கண்ணாடி அலுமாரியே அன்றி வேறன்று.